முன் பிரேக் மேல் என்ன கோபம்?

அக்கா மகன் போன வாரம் பைக்கிலிருந்து விழுந்தான். மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. வண்டியை நான்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு வருஷ வண்டி சார். பின்னாடி பிரேக் ஷூ ரெண்டு தடவை மாத்தியாச்சு. முன்னாடி பேடைப் பாருங்க, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு!"

பேட் தேயாதது சிக்கனம் இல்லை. பையன் அந்த லீவரைத் தொட்டதே இல்லை என்று அர்த்தம். முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றதும், காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான். பின் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் வழுக்கிவிட்டது.

"ஏண்டா, கையில ஒரு பிரேக் இருக்குல்ல?"

"முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவேன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க, சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தப்ப?"

எனக்குப் பதில் வரவில்லை. சொன்னேன்தான். எனக்கும் யாரோ சொன்னார்கள்.

டவுன் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்திப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் வழுக்கத்தான் செய்யும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பல வண்டிகளில் டிஸ்க்கை முன்னாலும் டிரம்மைப் பின்னாலும் வைப்பது அதனால்தான்.

"ஏபிஎஸ் வண்டிதானே, எப்படி வழுக்கும்?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் இருந்தால் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தாலும் போதும் என்றது அப்போது வந்த விதி. ஆனால் பல 150 சிசி வண்டிகளில் இருப்பது சிங்கிள் சேனல் ஏபிஎஸ். அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். அவன் வண்டியும் அந்த ரகம். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை மூன்று வருஷமாகத் தொடாமலே ஓட்டியிருக்கிறான்!

அதற்காக முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் நின்றுபோனால் விழுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் லீவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுங்கள். கிளட்ச்சைக் கடைசியில் பிடித்தால் போதும்; எடுத்ததுமே பிடித்தால் இன்ஜின் தரும் இழுப்பு போய்விடும். வளைவு வந்தால் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல், ஈர ரோடு, மழையில் நனைந்த ஜீப்ரா கோடு, இங்கெல்லாம் இன்னும் மென்மையாக. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். பயந்து விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். ஆபத்தைப் பார்த்துக் கை லீவருக்குப் போவதற்குள்ளேயே ஒரு பஸ் நீளத்துக்கு மேல் போய்விடும். நம் ஊர் டிராஃபிக்கில் இரண்டு விரலை எப்போதும் லீவர் மேலேயே வைத்திருப்பது நல்லது. காலைப் பின் பிரேக் மேலேயே வைத்து ஓட்டுவது வேறு கதை. ஷூ தேயும், பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருபவருக்கு நாம் எப்போது நிற்கிறோம் என்றே தெரியாது.

மாவுக்கட்டு பிரிக்க மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை வண்டி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன், இருவரும் காலி மைதானத்துக்குப் போனோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரு செங்கல்லைத் தாண்டும்போது பிரேக் பிடித்தேன். பின் பிரேக் மட்டும் பிடித்தபோது, செங்கல்லிலிருந்து பதினாறு எட்டு தள்ளி நின்றது. அப்புறம் இரண்டும் சேர்த்து. முன் லீவரைப் பிழியும்போது கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

கட்டுப் போட்ட கையோடு அவனே எட்டு வைத்து அளந்தான்.

"ஒன்பது மாமா."

குப்புற விழவும் இல்லை.