நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்கலாமா?

போன மாதம் பக்கத்து வயல்காரர் விடிந்ததும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "சார், ஏழு சவரன் இருக்கு. நகைக்கடன் எவ்வளவு கிடைக்கும்?" முப்பது வருடம் வங்கியில் இருந்தவனிடம் ஊரில் கேட்பது இதைத்தான். எதற்கு என்றேன். அவர் மனைவிக்கு ஆறு மாதமாக விரல் கணுக்கள் வீங்கி, காலையில் களைக்கொத்தைப் பிடிக்க முடியவில்லை. உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் அழற்சியெல்லாம் தெரிந்துவிடும் என்று யாரோ ஒரு முகாமில் சொல்லிவிட்டார்களாம்.

சொன்னது முழுப்பொய் இல்லை, அதுதான் சிக்கல். எக்ஸ்ரே உறுப்பின் உருவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் செல்கள் செய்யும் வேலையைக் காட்டும். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். புற்றுநோய் செல்லும் இழுக்கும், அழற்சி உள்ள இடத்தில் கூடும் வெள்ளை அணுக்களும் இழுக்கும். 110 நிமிடத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும் என்பதால் தயாரித்த கையோடு ஓட வேண்டும். நம்ம பால் வண்டியெல்லாம் தோற்றுப்போகும். காரணம் தெரியாத நீண்டநாள் காய்ச்சல், பெரிய ரத்தக்குழாய் அழற்சி போன்றவற்றில் மருத்துவருக்கு இது பெரிய துணை.

ஆனால் பளிச்சென்று தெரிவது காசநோயா புற்றா என்று படம் மட்டும் சொல்லாது. நம்ம பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கு செங்கல்பட்டு பெயர் இருந்தாலும், நடந்தது திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். எதைத் தேடுகிறோம், எதற்குத் தேடுகிறோம் என்று தெரிந்து செய்த சோதனை அது. பேக்கேஜ் போட்டு விற்பது வேறு.

நண்பரிடம் சொன்னேன்: கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்க, எதிரிலேயே ஜி.எச்., வாத நோய்ப் பிரிவுக்குப் போங்க. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று சாதாரண ரத்தச் சோதனைகள்தான் எடுத்தார்கள். ருமட்டாய்டு வாதம் என்று மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நகை பீரோவிலேயே இருக்கிறது.

இன்னொன்று, நம்ம ஆட்களைப் பற்றியது. நஞ்சில்லாத சோறு சாப்பிடுகிறோம், நமக்கு ஒன்றும் வராது என்ற மிதப்பு நமக்கு உண்டு. எனக்கும் இருந்தது. நண்பர் வயலும் எட்டு வருடமாக இயற்கை வயல்தான். சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ராத்திரி காற்று நம்ம பக்கம் திரும்பினால், விடியலில் கீரையைத் தடவிய விரல் கறுக்கிறது. அந்தம்மா வியாதிக்குப் புகைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் முடியாது. ஆனால் நுண்துகள் நுரையீரலிலும் ரத்தக்குழாயிலும் அழற்சியை உண்டாக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். பி.எம். 2.5 நுண்துகளுக்கு நம் நாடு வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. "வரம்புக்குள்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராமசபையில் இரண்டு தீர்மானம் கேட்கப் போகிறோம். காற்றின் அளவைத் தினமும் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். ஆலைகளை ஒட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் என் வயல் மண்ணையும் கீரையையும் ஈயச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். அதிகம் என்று வந்தால் கீரை விற்பதை நிறுத்த வேண்டியிருக்கும். வீட்டில் இதற்கு இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. முடிவு எப்படி வந்தாலும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.