திகதி இல்லாத ஒப்பம்

காணி விற்பதென்றால் நொத்தாரிசிடம் போகவேண்டும் என்பது குருக்கள்மடத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கடை விற்பதென்றால் மட்டும் ‘நம்மட ஆள்தானே’ என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி, முத்திரை ஒட்டி, அதன்மேல் ஒப்பம் வைத்துவிடுகிறோம். முத்திரை என்பது அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. அது எந்தப் பேச்சையும் உறுதியாக்காது. திகதிக்குரிய இடமோ வெறுமையாகக் கிடக்கும். “சாமான் கணக்கு முடியட்டும், பிறகு போடுவம்” என்பார்கள். வழக்கு அங்கேதான் முளைக்கிறது.

பிரதான வீதியோரப் பலசரக்குக் கடையொன்று கைமாறுகிறது என்று வையுங்கள். இருப்புச் சாமான், அலுமாரி, கடன் கொப்பி எல்லாம் விலைக்குள் அடக்கம். அடுத்த வாரம் பிஸ்கட் லொறிக்காரர் பழைய பில்லை நீட்டுகிறார். கரண்ட் பில் நிலுவையோடு வருகிறது. கொப்பிக் கடன்காரர் ஒருவர் பழைய முதலாளியிடமே காசைக் கொடுத்துவிட்டார். எது யார் தலையில்? இரண்டு திகதிகள் இருந்தால் பதில் உடனே கிடைக்கும்: ஒப்பமிட்ட நாள் ஒன்று, கடையை ஒப்படைத்த நாள் மற்றது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மிச்சக் காசை ‘மூன்று மாதத்துக்குள்’ தருவதாக எழுதிய தாளில் திகதி இல்லாவிட்டால், அந்த மூன்று மாதம் எப்போது முடியும்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட 6 ஆண்டு. வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டுதான். மீறிய நாளே தெரியாதபோது எங்கிருந்து எண்ணுவது?

கடைக் கட்டடமும் நிலமும் சேர்ந்து விற்பனையாகிறதா? அப்படியானால் அந்தத் தாள் போதாது. 1840இன் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசின் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க எழுதிய உறுதியை. சாட்சியின் வீட்டுக்குத் தாளை அனுப்பிப் பின்னேரம் ஒப்பம் வாங்குவது செல்லாது.

எழுத்தின் பெறுமதி நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று கிழவராக வந்த சிவன் வழக்காடியபோது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அவர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. மூல ஓலையை வாங்கிப் பார்த்தார்கள். அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்தை, அந்தப் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டார்கள். கடவுளே வந்தாலும் ஆவணம் கேட்ட சமூகம் நாம்.

செய்யவேண்டியவை சில்லறைக் காரியங்களே. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/04 என்றால் ஏப்ரலா மேயா என்ற பேச்சே எழாது. ஒப்பமிடுபவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே திகதியிடட்டும். ஒவ்வொரு பக்கத்திலும், வெட்டித் திருத்திய இடத்திலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் வைக்கட்டும். பங்காளிகள் இருந்தால் அத்தனைபேரும் ஒப்பமிடவேண்டும். பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமைத் திகதியைச் செவ்வாயே போடாதீர்கள். நல்ல நாள் வேண்டுமென்றால் அந்த வெள்ளிக்கிழமையே வந்து ஒப்பமிடுங்கள். பிறகு களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவையும் மாற்றுங்கள்.

காசு கொடுக்க ஒருநாள் பிந்தினால் பெரிய நட்டமில்லை. திகதி எழுதாத தாளில் மட்டும் ஒப்பம் வைக்காதீர்கள், உங்கள் சொந்த மச்சானே நீட்டினாலும்.