தலைகீழ் வகுப்பும் ஆசிரியப் பயிற்சியும்

'தலைகீழ் வகுப்பறை' எனும் சொல் ஆசிரியப் பயிற்சிக் கூட்டங்களில் இப்பொழுது பெரிதும் வழங்குகின்றது. ஆசிரியர் தரும் விளக்கத்தை மாணவர் முன்னரே வீட்டில் காணொளியாகக் கண்டு வருதலும், வீட்டுக்கென விடுக்கும் கணக்கையும் பயிற்சியையும் வகுப்பில் ஆசிரியர் கண்முன் செய்தலுமே அம்முறை. முறை நன்றே. ஆனால் அதனை ஆசிரியர்க்குப் பயிற்றும் வகைதான் நமக்குக் கவலை தருகின்றது.

2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உட்லேண்டு பார்க்கு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த சோனத்தன் பெர்க்குமன், ஆரன் சாம்சு ஆகிய இருவர், விளையாட்டுப் போட்டிகளுக்கென வெளியூர் சென்று பாடத்தை இழந்த மாணவர்க்காகத் தம் விளக்கங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். மாணவர்க்கு ஆசிரியர் மெய்யாகத் தேவைப்படுவது, அவர் தனியே இடறி நிற்கும் வேளையில்தான் என்பதை அப்பணியே அவர்கட்கு உணர்த்திற்று. வகுப்பைப் புரட்டிப் போட்ட கரணியம் இஃதே; காணொளியன்று.

நம் பயிற்சிகளோ காணொளியிலேயே தொடங்கி அதிலேயே முடிந்து விடுகின்றன. எந்தச் செயலியில் பதிவது, எழுத்தை எப்படி ஓடவிடுவது என்பனவே பேச்சு. விளக்கம் வீட்டுக்குப் போய்விட்டபின் வகுப்பில் எஞ்சும் முக்கால் மணி நேரத்தை என் செய்வது என்று கேட்டால் மறுமொழி இல்லை. இருபதாண்டுக் காலம் கரும்பலகை முன் நின்று பேசிய ஒருவரை, 'இனிப் பேசாதீர், மாணவரிடையே நடந்து அவர்தம் பிழையைப் படியுங்கள்' என்றால், அவர் கையறு நிலையில் நிற்பார், அது பிழையன்று.

அக்கைத்திறனுக்கும் முன்மாதிரி உண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் எரிக்கு மசூர் 1991 முதல் ஒரு முறையைக் கையாண்டார். மாணவர் முன்னரே படித்து வருவர். அவர் கருத்தைச் சோதிக்கும் ஒரு வினாவை விடுப்பார். ஒவ்வொருவரும் தனித்தனி விடை குறிப்பர். மிகச் சிலரே சரியெனில் மீண்டும் விளக்குவார். பெரும்பாலோர் சரியெனில் மேற்செல்வார். ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியெனில், பக்கத்திலிருப்பவரோடு வழக்காட விட்டு மறுபடி விடை கேட்பார். இதற்குக் கருவி வேண்டா. கை தூக்கினாலே போதும். வேண்டுவது நல்ல வினா. அத்தகைய வினா ஒன்றை ஆக்குதற்கே ஓர் ஆசிரியர்க்கு ஒரு மாலைப் பொழுது கழியும். பயிற்சி நாள்கள் அதற்கன்றோ செலவாக வேண்டும்!

கைப்பேசி இல்லா வீட்டுப் பிள்ளை என்னாவது? இருக்கும் ஒன்றும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும் வீடுகள் எத்துணை! உட்லேண்டு பார்க்கிலேயே இணையம் இல்லாதார்க்கு ஒளிவட்டில் பதிந்து தந்தனர். நம் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது அதன் பாடங்கள் வீடுகளுக்குச் சென்றன. எனினும் காணாது வந்த பிள்ளையை வகுப்பின் முதற் பத்து மணித்துளியில் எங்கே அமர்த்துவது, யார் துணையோடு படிக்கச் செய்வது என்பதை ஆசிரியர் கற்றாக வேண்டும். அவனைக் கடிந்து வெளியே நிறுத்தினால், இம்முறை ஏழையைத் தண்டிக்கும் முறையாகும்.

மொழி பற்றியும் ஒரு சொல். வீட்டில் தனித்துக் காணும் பிள்ளைக்குக் கேட்டறிய ஆளில்லை. பாடநூல் 'நிலைமம்' என்றிருக்கக் காணொளியில் ஆசிரியர் 'இனர்சியா' என்று முழங்கினால், அவன் இரண்டையும் வெவ்வேறு பொருளென்றே கொள்வான். பாடநூற் சொல்லைக் காணொளியிலும் பிறழாது வழங்கப் பழகுதல் பயிற்சியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

பயிற்சியையே தலைகீழாக்குக என்பது நம் கோரிக்கை. விரிவுரையை ஆசிரியர்க்கு முன்னரே அனுப்பிவிடுக. அவர் மாணவராய் அதனைக் கண்டு, சலிப்பும் ஐயமும் பட்டு வரட்டும். கூடும் நாளில் ஓர் அரசுப் பள்ளியின் மெய்யான வகுப்பில், நாற்பது பிள்ளைகள் நடுவே, தாம் ஆக்கிய வினாவை அவர் விடுத்துப் பார்க்கட்டும்; பயிற்றுநர் பின் விசிப்பலகையில் அமர்ந்து குறிப்பெடுக்கட்டும்.