பட்டுக்குப் பத்துக் கடை, உள்பாவாடைக்குப் பத்து நிமிஷம்: கல்யாணப் பெண்ணின் இடுப்பு என்ன பாடுபடுகிறது?

கல்யாணம் உறுதியானதும் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ முதலில் எழும் பேச்சு, பட்டு எங்கே எடுப்பது? மதுரையா, காஞ்சிபுரமே போய்விடலாமா என்று ஒரு வாரம் ஓடும். பிறகு ஒரு வேனில் பத்துப் பேர். சித்திக்குப் பிடித்த பார்டர் அத்தைக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் வந்து, "முந்தியை நல்லா விரிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்பார்கள். சாயங்காலம் வரை சேலை பார்த்து, சாப்பாட்டை மறந்து, ஒரு வழியாக எடுத்து முடிப்பார்கள்.

உள்பாவாடை எடுப்பது இன்னொரு நாள். மேட்சிங் சென்டர் வாசலில் பையைத் திறந்து சேலையின் ஓரத்தைக் காட்டி, "இதுக்கு மேட்சா ஒரு இன்ஸ்கர்ட் குடுங்க" என்றால் வேலை முடிந்தது. சைஸ் கேட்டால், "எல்லாருக்கும் சேரும், ஃப்ரீ சைஸ்தான்". பிராவுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடையாது. "இருக்கறதுல நல்லதா ஒண்ணைப் போட்டுக்கோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கல்யாணத்தன்று பெண்ணின் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது பட்டு இல்லை. அந்தப் பத்து நிமிஷத் துணிதான். ஆறு மணி முகூர்த்தம் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு மேக்கப் தொடங்கிவிடும். பந்தி முடிந்து மறுவீட்டுக்குக் கிளம்பும்போது மதியம் இரண்டு தாண்டியிருக்கும். பதினோரு மணி நேரம். அதில் பாதி மணையில் சம்மணம் போட்டு, ஹோமப் புகைக்கு முன்னால்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இது பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். புண்ணின் மேல் வைக்கிற அளவுக்கு மெல்லிய, காற்றுப் போகிற பருத்தித் துணி. இன்னொரு பக்கம் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடி, நைட்டியும் உள்பாவாடையும் லாரி லாரியாக வெளியூர் போகிறது. இந்த ஊர்ப் பெண்தான் கல்யாணத்துக்கு நைலான் ஷேப்வேரை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர் வருமா வராதா என்று காத்திருக்கிறார்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு 'மாய்ஸ்சர் ரீகெய்ன்' என்ற கணக்கு தெரிந்திருக்கும். ஒரு இழை காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை உள்ளே வாங்கி வைக்கும் என்பதற்கான அளவு அது. பருத்திக்கு 8.5 சதவீதம். பட்டுக்கு 11. பாலியஸ்டருக்கு வெறும் 0.4. அதாவது மேலே கட்டும் பட்டு வேர்வையை வாங்கத் தயாராக இருக்கிறது. நடுவில் ஒரு பாலியஸ்டர் சாட்டின் பாவாடை வந்து அதைத் தோலிலேயே நிறுத்தி வைக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் அரிப்பும் வேர்க்குருவும் தொடை இடுக்கில் படையும் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பருத்தியிலும் ஒரு குறை உண்டு. முழுக்க நனைந்தால் சீக்கிரம் காயாது. அதனால் கனத்த துணி வேண்டாம், மெல்லிய பாப்ளின் போதும். பந்திக்கு முன் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும்.

நாடா இறுக்குவது ஏன்?

"சேலை அவிழ்ந்துடும்ல?" என்பதுதான் எல்லோருடைய பயமும். நியாயமான பயம். ஜரிகை கனத்த முகூர்த்தப் பட்டு அரைக் கிலோவைத் தாண்டும், சில சேலை ஒரு கிலோவையே தொடும். அந்தக் கொசுவம், முந்தி, மேலே குத்திய ஊக்கு எல்லாவற்றின் பாரமும் கடைசியில் போய் நிற்பது ஒரு விரல் அகலம்கூட இல்லாத நாடாவில்.

பள்ளிக்கூடத்துப் பாடம்தான் இது. அதே பாரம் குறுகிய இடத்தில் விழுந்தால் அழுத்தம் கூடும், அகலமான இடத்தில் பரவினால் குறையும். நாலு விரல் அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை அதே சேலையைத் தாங்கும், ஆனால் தோலை அறுக்காது. ஸ்கூல் பேக்கின் வாரை அகலமாகப் பார்த்து வாங்குகிறோமே, அதே கணக்கு.

இன்னொன்றை சேலை கட்டிப் பழகியவர்கள் எல்லாரும் அறிவார்கள், கல்யாண அவசரத்தில் மறந்துபோகும். சாட்டின் வழுக்கும். வழுக்குகிற பாவாடையின் மேல் வழுக்குகிற பட்டைச் செருகினால் நழுவத்தான் செய்யும். நழுவினால் நாடாவை இன்னும் இறுக்குவார்கள். சொரசொரப்பான பருத்தி, சேலையைத் தானே பிடித்துக்கொள்ளும். துணியைச் சரியாக எடுத்தால் முடிச்சில் பாதி இறுக்கம் தேவையே இல்லை. 'பார்க்க ஷைனிங்கா இருக்கு' என்று சாட்டின் எடுப்பது யாருக்காக என்றுதான் புரியவில்லை. அதை யாரும் பார்க்கப் போவதில்லை!

இறுக்கம் எவ்வளவு தூரம் போகும்? 2024 நவம்பரில் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' மருத்துவ இதழில் மகாராஷ்டிரத்தின் வர்தா, பீகாரின் மதுபனி ஆகிய ஊர்களின் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. இன்னொருவர் அறுபதுகளின் கடைசியில். வாழ்நாள் முழுக்க இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, தோல் கறுத்து, தடித்து, ஆறாத புண்ணாகி, அந்தப் புண்ணில் தோல் புற்றுநோய் வந்திருந்தது. இதில் இரண்டாமவர் பாவாடை கட்டியவர்கூட இல்லை. 'லுக்டா' என்ற நீளச் சேலையை நேரடியாக இடுப்பில் இறுக்கி உடுத்தியவர்.

இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். இது மிக அரிது, பல பத்தாண்டுக் கதை. ஒரு நாள் கல்யாணத்தில் வருவது இல்லை. ஆனால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் வீடுகளில் சாதாரணமாகவே இருக்கிறது. அம்மாவின் இடுப்பில், ஆச்சியின் இடுப்பில் அந்தக் கறுத்த கோடு. 'சேலை கட்டுனா அப்படித்தான்' என்று அதைக் காயமாகவே யாரும் எண்ணியதில்லை. கல்யாணத்தன்று புதுப்பெண்ணின் இடுப்பில் விழுவது அந்தக் கோட்டின் முதல் இழுப்பு. தளர்வாகக் கட்டுங்கள் என்பதுதான் அந்த மருத்துவர்களின் யோசனையும்.

ஷேப்வேர் நல்லதா?

போட்டோவில் நன்றாக இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. மெர்மெய்ட் போலத் தொடையோடு ஒட்டி வரும் சேலை ஷேப்வேர் கொசுவத்தை அழகாக நிறுத்தும், நாடாவும் கிடையாது. ரிசப்ஷனில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்பதற்கு அதை ஒரு பெண் விரும்பி அணிந்தால் அது அவர் இஷ்டம்.

முகூர்த்தம் வேறு. மணையில் சம்மணம் போட வேண்டும், அக்கினியைச் சுற்றி வர வேண்டும், பெரியவர்கள் வரும்போதெல்லாம் காலில் விழுந்து எழ வேண்டும். குறுகலான ஷேப்வேரில் இதெல்லாம் ஒரு யுத்தம். வயிற்றை அமுக்கியபடி பந்தியில் உட்கார்ந்தால் நெஞ்செரிச்சல் வரும். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் நெடுநேரம் அழுத்தினால் வெளித்தொடையில் மரத்துப்போய் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் வரலாம். அங்கே தோலுக்குப் போகும் ஒரு நரம்பு நசுங்குவதால் வருவது அது, இறுக்கமான பெல்ட் போடுபவர்களுக்கும் வருவதுதான்.

இதைவிடப் பெரிய தொந்தரவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாத்ரூம். பாவாடை என்றால் சேலையோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளலாம். ஷேப்வேரை இடுப்பிலிருந்து உருட்டி இறக்க வேண்டும், பிறகு ஆறு கஜத்துக்கு அடியில் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குப் பயந்து விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மணப்பெண்கள் எத்தனை பேர்! அடக்கி வைத்த சிறுநீரும் வெயிலும் சேர்ந்தால் மறுவீட்டு நாளில் நீர்க்கடுப்புதான். மண்டபத்து ரூமில் பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று மண்டபம் புக் பண்ணும்போதே ஒரு பெண் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆண்கள் பார்க்கிங் எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

மேலே வந்தால் ஆரி வேலை செய்த பிளவுஸ். பல ஆயிரம் கொடுத்துத் தைப்பது. ஆனால் அளவுக்குக் கொடுப்பது பழைய அளவு பிளவுஸ். அது வேறு பிராவுக்குத் தைத்தது. கல்யாணத்துக்கென்று கப் வைத்த புது பிராவைப் போட்டதும் கைக்குழி பிடிக்கிறது, ஹூக் விலகுகிறது. எந்த பிராவை அன்று போடப்போகிறாரோ, அதைப் போட்டுக்கொண்டுதான் டெய்லரிடம் அளவு கொடுக்க வேண்டும். மார்புக்குக் கீழே சுற்றளவை டேப்பால் எடுத்துப் பார்த்தால், பல பேர் வருஷக்கணக்கில் தப்பான சைஸ் போட்டுவந்தது தெரியும். கம்பி வைத்த பிரா பழக்கமில்லாதவர் அதைக் கல்யாணத்தன்று முதன்முதலாக முயல வேண்டாம். ஆரி வேலையின் முடிச்சுகள் உள்பக்கம் குத்தும். பருத்தி லைனிங் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

தேதி குறிக்கும்போது மாதவிலக்கைக் கணக்குப் பார்க்கும் வீடுகள் உண்டு. ஆனாலும் உடம்பு காலண்டர் பார்ப்பதில்லை. தள்ளிப்போடும் மாத்திரையை மாதவிலக்கு வரவேண்டிய தேதிக்குச் சுமார் மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும், ரத்தம் உறையும் தொந்தரவு இருந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாம். அதனால் டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடக்கூடாது. மாத்திரையே வேண்டாம் என்றால் பீரியட் பேன்டீஸும் அடர்நிறப் பாவாடையும் இருக்கின்றன. அன்று வந்துவிட்டால் அது யாருடைய தப்பும் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முடிச்சு யார் கையில்?

ஆண்டாள் தன் கல்யாணக் கனவைப் பாடியபோது, கோடிப் புடவை உடுத்திவிட நாத்தனார் ஸ்தானத்தில் துர்க்கையே வருகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் நடக்கும் திருக்கல்யாணத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். மணப்பெண்ணுக்குச் சேலையை வேறொருவர் உடுத்திவிடுவது அவ்வளவு பழைய வழக்கம்.

இன்று அந்த இடத்தில் நிற்பவர் பியூட்டிஷியன். முதல் நாளே கொசுவம் மடித்து, அயர்ன் பண்ணி, கிளிப் போட்டு வைத்திருப்பார். கூறைச் சேலை மாற்றப் பத்து நிமிஷம்தான். வெளியே ஐயர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரே கவலை, மேடையில் சேலை நழுவக்கூடாது, நழுவினால் பெயர் கெட்டுவிடும். அதனால் முழங்காலை முட்டுக்கொடுத்து இறுக்குவார். "மூச்சை உள்ளே இழுங்க" என்பார். பெண் முனகினால் பக்கத்தில் நிற்கும் அத்தை, "கொஞ்ச நேரம்தானடி, பொறுத்துக்கோ" என்பார். முடிச்சுப் போடுகிறவர் பயம் ஒன்று, அதைச் சுமக்கிறவர் வலி வேறு. அதற்கு மேல் ஒட்டியாணம் வேறு ஏறும்.

மாப்பிள்ளைக்கு இந்தப் பாடு கிடையாது. வேட்டி நழுவுமே என்று அவர் கவலைப்பட்டதும் கம்பெனிக்காரர்கள் வெல்க்ரோ வைத்து, பாக்கெட்டும் வைத்து வேட்டி போட்டுவிட்டார்கள். யாரும் அவரை மூச்சை இழுக்கச் சொல்லவில்லை. பெண்களுக்கும் அகலப் பட்டி வைத்தது, எலாஸ்டிக் வைத்தது, பக்கவாட்டில் ஹூக் வைத்தது என்று கடைகளில் இருக்கத்தான் செய்கிறது. கேட்டால் நம் ஊர் டெய்லரே ஒரு மணி நேரத்தில் தைத்துத் தருவார். கல்யாண லிஸ்ட்டில் யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

எழுதுபவர்கள் ஒரு மாதம் முன்பே எழுதலாம். இடுப்பளவை உட்கார்ந்தபடி எடுக்க வேண்டும், நின்று எடுத்தால் குறைவாகக் காட்டும். இரண்டு சேலைக்கு இரண்டு பாவாடை. புதுப் பாவாடையைச் சாயம் நிற்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். கஞ்சியும் போகும், வேர்வையில் சாயம் இறங்கிப் பட்டு பாழாவதும் நிற்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே, அந்த பிரா, அந்தப் பாவாடை, ஏதாவது ஒரு கனத்த சேலையோடு தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இலையில் முழுச் சாப்பாடு சாப்பிட்டு, மாடிப்படி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். கழற்றும்போது இடுப்பில் சிவந்த தடம் எவ்வளவு ஆழம் என்பதை அம்மாவும் பார்க்கட்டும், முடிந்தால் பியூட்டிஷியனுக்கும் போனில் சொல்லிவிடட்டும்: "அக்கா, நாடாவுக்குள்ள ரெண்டு விரல் போகணும், முடிச்சு ஒட்டியாணத்துக்கு அடியில வரக்கூடாது, கொஞ்சம் பக்கவாட்டில போட்டுருங்க."