படத்தில் பெரிய வெங்காயம்

போன தை மாதம் திருச்சியிலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். எங்கள் குழுவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பத்து கிலோவாவது கேட்பார் என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது வேறு.

"ஐயா, சின்ன வெங்காயம்னு எழுதியிருக்கீங்க. படத்துல இருக்கிறது பெரிய வெங்காயம். மண்ணும் செம்மண்ணா இருக்கு. நான் பொறந்தது குன்னம் பக்கம். நம்மூரு கரிசல்தானே?"

தளம் செய்து கொடுத்த தம்பி இணையத்திலிருந்து ஏதோ படத்தை எடுத்துப் போட்டுவிட்டார், மாற்றிவிடுகிறோம் என்றேன். அந்த அம்மா விடவில்லை. "நீங்க பேங்க் ஆபீசரா இருந்தவர்னு அதுலயே போட்டிருக்கே. லோன் மனுவுல வேற ஆள் போட்டோவை ஒட்டிக் கொண்டாந்தா வாங்கிப்பீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. முப்பத்து நாலு வருடம் வங்கியில் இருந்தேன். போட்டோ சரியில்லை, முகவரி பொருந்தவில்லை, கையெழுத்து மாறுகிறது என்று எத்தனை மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! என் சொந்தக் குழுவின் பக்கத்தை நான் ஒருநாளும் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் பதினோரு பேர். எல்லாரும் ஆலத்தூர் வட்டாரம். அறுவடை நேரத்தில் வியாபாரி வயலுக்கே வந்து ஒரு விலை சொல்வார். பட்டறை போட்டு இருப்பு வைக்க வசதி உள்ளவர் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். இல்லாதவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நஞ்சில்லாமல் விளைவித்தாலும் மூட்டைக்குள் போனால் எல்லாம் ஒரே வெங்காயம்தான். அதிலிருந்து தப்பிக்கத்தான் நேரடி விற்பனை, அதற்குத்தான் இணையதளம். நாற்பதாயிரம் ரூபாய் செலவு. திறந்தால் பூ மலரும், பசு மேயும், பின்னால் இசை வேறு. போன ஆனி மாதத்து விலை மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அந்தப் போனுக்குப் பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து, நம்மைப் போன்றவர்களின் தளங்களைக் கிளைத் தணிக்கைக்குப் போகிற மாதிரி வரிசையாகப் பார்த்தேன். மாசியில் மாம்பழம் "கைவசம் உள்ளது" என்கிறது ஒன்று. இன்னொன்றில் நடத்துபவர் பெயரே இல்லை, ஊரும் இல்லை, 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் பூமித்தாய் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. "100 சதவீதம் ஆர்கானிக்" என்று எல்லாரும் போட்டிருக்கிறார்கள். சான்றிதழ் எண் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். நம் ஆட்கள் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. வயலில் உண்மையாக உழைக்கிறவரின் பக்கம், ஏமாற்றுக்காரரின் பக்கம் மாதிரியே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

2002-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. இதைச் சொல்லித்தான் தளம் செய்பவர்கள் நம்மிடம் பணம் வாங்குகிறார்கள். பொருளைப் பற்றித் தெரியாதவர் தோற்றத்தைத்தான் பார்ப்பார், வாஸ்தவம். ஆனால் தோற்றத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாமே! முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று வங்கியில் நாங்களே வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன காலம் உண்டு. நாம் அனுப்பும் தகவலை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. எதிர்ப்பக்கம் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளத்திலும் பூட்டு தொங்கும். 2023-இல் கூகுள் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

நமக்கு முன்மாதிரி வெளிநாட்டில் இல்லை, பெரம்பலூர் உழவர் சந்தையிலேயே இருக்கிறது. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது என்ன செய்தார்கள்? விற்பவர் விவசாயிதான் என்பதற்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. அன்றைய விலையை அன்றன்று எழுதும் பலகை. எடைக்குத் தராசு. ஜோடனை எதுவும் கிடையாது, ஆனாலும் சனம் நம்பி வந்தது. யார், எங்கிருந்து, இன்றைக்கு என்ன விலை என்ற மூன்றுக்கும் கண்ணெதிரே பதில் இருந்தது. அந்தப் பலகையில் நேற்றைய விலை அழியாமல் கிடந்தால் எப்படி இருக்கும்? நம் தளங்கள் அப்படித்தான் கிடக்கின்றன.

ஆண்டிமடம் பக்கம் ஒரு நண்பர் முந்திரி விற்கிறார். அவர் பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலே படம், அதுவும் போனில் எடுத்தது, ஒன்றில் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. ஆனால் கீழே எழுதியிருக்கிறார்: "பருப்பில் கொஞ்சம் உடைசல் கலந்திருக்கும். இந்த வருட இருப்பு ஆடியோடு முடிந்தது. இனி சித்திரையில்." இருப்பு முடிந்தது என்று எழுதினால் வந்தவர் போய்விட மாட்டாரா என்று கேட்டேன். "போறவங்க போகட்டும் சார், சித்திரையில திரும்பி வர்றாங்களே" என்றார்.

சான்று விஷயத்திலும் இதே கதைதான். சிறு உழவர் நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால் சான்று கட்டாயமில்லை என்று 2017-இன் இயற்கை உணவு ஒழுங்குமுறையே விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் "சான்று பெறவில்லை, வயலுக்கு வந்து பாருங்கள்" என்று எழுதுவதில் என்ன குறைச்சல்? சான்று இல்லாமல் ஜைவிக் பாரத் முத்திரையைப் போடுவதுதான் தப்பு. பிஜிஎஸ் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாறுதல் காலத்தில் கிடைப்பது பிஜிஎஸ் கிரீன். முழுமையானபின் கிடைப்பது பிஜிஎஸ் ஆர்கானிக். கிரீனை வைத்துக்கொண்டு ஆர்கானிக் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வித்தியாசம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் போதும், பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார்.

பணம் வாங்கும் இடத்தையும் கவனியுங்கள். யுபிஐ-யில் ரகசிய எண் போடுவதற்கு முன் யாருக்குப் பணம் போகிறது என்று பெயர் காட்டும். தளத்தில் குழுவின் பெயர், போனில் யாரோ ஒருவரின் மச்சான் பெயர் என்றால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். நானாக இருந்தாலும் நிற்பேன். குழுவின் பெயரில் நடப்புக் கணக்குத் திறப்பது பெரிய வேலை இல்லை. அதேபோல இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது தளம் செய்த தம்பி பெயரில் இருந்தது! நிலம் நம்முடையது, பட்டா அடுத்தவர் பேரில் என்கிற கதை. வருடா வருடம் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாராவது அந்தப் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரம்கூடப் போடலாம். நம்மைத் தேடி வருகிற பழைய வாடிக்கையாளர் அங்கே போய் நிற்பார்.

இதெல்லாம் எதற்கு, நம்பிக்கை என்பது வயலுக்கு வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்று நம் கூட்டங்களில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதில் பாதி சம்மதம். ஆனால் சென்னையில் இருப்பவர் இரண்டு கிலோ வெங்காயத்துக்காக ஆலத்தூர் வர முடியுமா? அவருக்கு அந்தப் பக்கம்தான் நம் வரப்பு.

நாங்கள் இப்போது இசையையும் பூவையும் எடுத்துவிட்டோம். பதினோரு பேரின் முகம், ஊர், என்ன பயிர், என்ன இடுகிறோம் என்று ஒரே பக்கம். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை விலையைத் தேதியோடு மாற்றுவது என் பொறுப்பு. ஒரு ஞாயிறு கல்யாணத்துக்குப் போய் விட்டுப்போயிற்று, குழுவில் திட்டு வாங்கினேன். 'இந்த வாரம் வெங்காயம் இல்லை' என்று போடலாமா கூடாதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. போட வேண்டும் என்று நான் மட்டும் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.

திருச்சி அம்மாவுக்கு எங்கள் பட்டறையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக்கோடு இரண்டு வந்திருக்கிறது. ஆர்டர் இன்னும் வரவில்லை.