முடிக்காத படமா?

என் நாத்தனார் கொடுத்த ஓவியக் காலண்டர் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதில் ஒரு படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கும் நீலப் புகை, நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி சூரியன், தண்ணீரில் ஆரஞ்சுத் தீற்றல்கள். படகில் இருப்பவருக்கோ கண், மூக்கு எதுவும் கிடையாது.

"பாதியிலே எழுந்து போயிட்டார் போலிருக்கே!" என்றேன்.

"என் படத்தையும் நீ அப்படித்தாம்மா சொன்னே" என்றாள் நாலாவது படிக்கும் என் கடைக்குட்டி.

சுருக்கென்றது. போன மாதம் அவள் வரைந்த குளத்தைப் பார்த்து, "மரத்துக்கு இலை எங்கேடி?" என்று கேட்டிருந்தேன். அதற்கப்புறம் அவள் கலர் பென்சிலைத் தொடவே இல்லை.

நூலகத்தில் தேடிப் படித்தேன். பிரான்ஸின் லே ஆவ்ர் துறைமுகத்தை 1872-ல் கிளாட் மோனே வரைந்த படம் அது. பெயர் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'. 1874-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலை என்று லூயி லெரோய் என்ற விமர்சகர் கேலி செய்தாராம். அவர் கிண்டலுக்குப் பிடித்துக்கொண்ட 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லே அந்த ஓவியர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நானும் கேலி செய்தவர் கட்சிதான்!

மறுநாள் இருவரும் கூடத்தின் மறுகோடியில் நின்று பார்த்தோம். புகை விடியற்கால மூடுபனி ஆயிற்று. அதற்குள் கப்பல்களும் புகைபோக்கிகளும் மங்கலாகத் தெரிந்தன. பனியில் படகுக்காரர் முகம் நமக்குத்தான் தெரியுமா? கண்ணுக்குப் பட்டதை மட்டும் போட்டிருக்கிறார்.

பள்ளி ஆல்பத்துக்காகக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தோம். சூரியனைத் தேட வேண்டியதாயிற்று! சூரியனுக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரே அளவாம். நிறம்தான் வேறு. நிறத்தை வைத்தே சூரியனை உதிக்க வைத்திருக்கிறார் மனிதர்.

பிறகு மகளின் குளத்தையும் எட்ட வைத்துப் பார்த்தேன். இலை இல்லைதான். ஆனால் மரம் காற்றில் சாய்ந்து நின்றது.

"இது எந்த நேரம், கண்ணு?"

"மழை வரப் போற நேரம்மா."

அதைக் காலண்டர் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று மறுபடி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

குழந்தை படத்தை நீட்டினால், குறை சொல்லுமுன் நாலடி பின்னால் போய்ப் பாருங்கள், சகோதரிகளே!