கொண்டைக்குக் கொண்டை ஜோடி வேண்டாம்

போன மாத இதழில் 'எனக்குப் பிடித்த பறவை' என்று நாலு பேர் மயிலைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாலும் ஒன்று போலவே இருக்கிறது என்று தமிழம்மா சொன்னார்கள். அதனால் நான் மயில் பக்கம் போகவில்லை. எங்க மாமா வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற பிஞ்ச் குருவிகளைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை மாமாவிடம் சொல்லி, ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமலும் இருந்தாயிற்று. யார் சொல்வது சரி என்று நீங்களே பாருங்கள்.

முதலில் குருவியைச் சொல்லிவிடுகிறேன். மாமா வளர்ப்பது ஜீப்ரா பிஞ்ச். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நம்ம சிட்டுக்குருவியை விடச் சின்னது. ஆணுக்கு நெஞ்சில் வரிக்குதிரை மாதிரி கோடு, கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, விலாவில் செங்கல் நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள். பெண்ணுக்கு இந்த அலங்காரம் ஒன்றும் கிடையாது. அலகும் ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. சத்தம், ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, அதே தான். தினையும் சாமையும் தின்னும். கால்சியத்துக்குக் கடல் நுரை கட்டித் தொங்க விடுவோம். சின்ன மண் கலயத்தில் தேங்காய் நாரை வைத்தால் ரெண்டு நாளில் கூடு தயார்.

"பாவம்டி, திறந்து விட்டுடு" என்று என் பெஞ்சுக்காரி சொல்வாள். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வெளிநாட்டுக்கு விற்பதை 1960-இல் நிறுத்திவிட்டது. இங்கே இருப்பவை எல்லாம் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்த பரம்பரை. திறந்துவிட்டால் சாயங்காலத்துக்குள் காக்கைக்கு இரை. ஆனால் நம்ம வயலில் கூட்டமாக வந்து கதிரில் தொங்குகிற சில்லைகள் வேறு. அவை நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி அவற்றைப் பிடிக்கவும் கூடாது, கூண்டில் வைக்கவும் கூடாது. கவட்டை வைத்துக்கொண்டு திரிகிற எட்டாம் வகுப்புப் பையன்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். காட்டில் இந்தக் குருவி சாம்பல் நிறம் தான். கூண்டில் வளர்த்தவர்கள் எப்போதோ தானாக வந்த வேறு நிறக் குஞ்சுகளை எடுத்து, ஜோடி சேர்த்து, பழுப்பு, முழு வெள்ளை, திட்டுத் திட்டாக வெள்ளை, கறுப்புக் கன்னம் என்று பெருக்கிவிட்டார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தபோது எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்பா குருவி பழுப்பு, அம்மா குருவி சாம்பல் என்று வைத்தால், பிறக்கிற பெண் குஞ்சு எல்லாம் பழுப்பு, ஆண் குஞ்சு எல்லாம் சாம்பல். இறகு முளைக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். மாற்றி வைத்தால், அதாவது அம்மா பழுப்பு, அப்பா கலப்பில்லாத சாம்பல் என்றால், எல்லாக் குஞ்சும் சாம்பலாகத் தான் தெரியும். ஆண் குஞ்சுகள் மட்டும் பழுப்பை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். மாமாவுக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரியும். எழுதி வைப்பது என் வேலை. நாற்பது பக்க நோட்டில் எந்தக் கலயத்தில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, என்ன நிறம் என்று போன வருடத்திலிருந்து எழுதி வருகிறேன்.

அந்த நோட்டில் தான் வம்பு ஆரம்பித்தது.

நிறம் தவிரக் கொண்டை என்று ஒன்று இருக்கிறது. தலை உச்சியில் இறகு சுழி மாதிரி விரிந்து, தொப்பி போட்டது போல இருக்கும். சாதாக் குருவி ஜோடியை விடக் கொண்டை ஜோடிக்குக் காசு அதிகம். மாமா ஆணும் கொண்டை, பெண்ணும் கொண்டை என்று தான் ஜோடி போடுவார். அந்தக் கலயங்களில் மட்டும் பொரியாத முட்டை அதிகமாக இருந்தது. நாலு ஈட்டில் 19 முட்டை, பிழைத்த குஞ்சு 13. சாதா ஜோடிகளில் இவ்வளவு போகவில்லை. மாமா "வெயில் ஜாஸ்தி கண்ணு" என்றார். பக்கத்துக் கலயத்துக்கு மட்டும் வெயில் இல்லையா?

கூமுட்டையாக இருக்கும் என்று நினைத்து, ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கூமுட்டை என்றால் வெளிச்சம் அப்படியே ஊடுருவித் தெரியும். கரு இருந்தால் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடும். இவற்றில் நரம்பு ஓடியது. ஆனால் பிறகு அடை காத்து ரெண்டு வாரம் ஆகியும் சிலது பொரியவில்லை.

அறிவியல் சாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடத்தை எடுத்து, அதே மாதிரி நாலு கட்டம் போட்டார். கொண்டை என்பது ஓங்கு பண்பு. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒன்று வந்தாலே கொண்டை வந்துவிடும். ஆனால் ரெண்டு பேரிடமிருந்தும் வந்து ரெண்டு ஆகிவிட்டால் அந்தக் குஞ்சு பிழைக்காது. ஓட்டுக்குள்ளேயோ பொரிந்த உடனேயோ செத்துவிடும். கேனரிக் குருவியின் கொண்டையும் இப்படித் தானாம். ஆக, நாம் கண்ணால் பார்க்கிற ஒவ்வொரு கொண்டைக் குருவியும் ஒற்றைக் கொண்டை தான். இரட்டைக் கொண்டை உயிரோடு இருக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கொண்டைக்கும் கொண்டைக்கும் பிறக்கிற 100 முட்டையில் சராசரியாக 25 சாகும், 50 கொண்டை, 25 சாதா. கொண்டைக்கும் சாதாவுக்கும் பிறக்கிற 100 முட்டையில் 50 கொண்டை, 50 சாதா. இந்தக் காரணத்தால் சாவது ஒன்றும் இல்லை.

ரெண்டிலும் கொண்டை 50 தான்! இருபத்தைந்தைக் கொன்றும் ஒரு கொண்டை கூடக் கூடுதலாக வரவில்லை. இதை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏங்கண்ணு, நான் இத்தன வருசமா பாக்கறேன். கொண்டையோட கொண்டைய வெச்சா மூணு குஞ்சுல ரெண்டு கொண்டை. சாதாவோட வெச்சா பாதி தான் கொண்டை. நீ என்ன கணக்குப் போடற?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மை. ஆனால் அவர் உயிரோடு இருக்கிற குஞ்சை மட்டும் எண்ணுகிறார். எழுபத்தைந்தில் ஐம்பது என்றால் மூன்றில் ரெண்டு தானே. செத்தது அவர் கணக்கில் வருவதே இல்லை. பொரியாத முட்டையைக் காலையில் ரோஜாச் செடிக்குள் போட்டுவிடுவார்.

இதை எதிர்த்துச் சொன்னதற்குத் தான் ரெண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அப்புறம் உண்மைக் காரணத்தை அத்தை சொன்னார்கள். போட்டோவாம். வாங்குகிறவர்களுக்கு மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். ஒரே குச்சியில் ஆணும் பெண்ணும் கொண்டையோடு உட்கார்ந்திருந்தால் உடனே கேட்பார்கள். ஒன்று கொண்டை, ஒன்று மொட்டைத் தலை என்றால் "ஜோடி பொருத்தம் இல்லீங்களே" என்பார்களாம். கல்யாண ஆல்பமா இது?

போட்டோ விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். மாமாவுக்குப் பின்னால் சார்ட் பேப்பர் பிடிக்கிறவள் நான் தான். கூண்டோடு எடுத்தால் கம்பி தான் தெளிவாக விழும், குருவி மங்கிவிடும். அதனால் அட்டைப் பெட்டிக்கு முன்னால் கண்ணாடி வைத்து, உள்ளே வேப்பங்குச்சி ஒன்று குறுக்கே செருகி, குருவியை விட்டு அமைதியாகும் வரை காத்திருப்போம். காலை எட்டு மணி வாக்கில் திண்ணை நிழலில் எடுத்தால் நிறம் அப்படியே வரும். ஃபிளாஷ் போட்டால் பயந்து கண்ணாடியில் போய் முட்டும். மாடியில் நீலச் சுவர்ப் பக்கம் எடுத்தால் சாம்பல் குருவி நீலக் குருவி ஆகிவிடும். இது போதாதென்று மாமா போனில் கலரைக் கூட்டி வைப்பார். கன்னத்துத் திட்டு தக்காளி மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை டவுனிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் கூண்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல பாத்த குருவி இது இல்லீங்களே" என்றார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும் தான். பேப்பர் பிடித்தது நான் அல்லவா.

அதற்கு நான் ஒரு வழி சொல்கிறேன். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வையுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் குருவியின் நிறமும் பொய் என்று வாங்குகிறவருக்கே தெரிந்துவிடும்.

கேமரா இல்லாத காலத்திலும் பறவைகளைப் படமாக்கினார்கள். எலிசபெத் கூல்ட் என்ற அம்மா 1838-இல் கணவர் ஜான் கூல்டுடன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா போய், அங்குள்ள பறவைகளை வரைந்தார். திரும்பி வந்து 1841-இல் இறந்துவிட்டார். கடையில் 'கோல்டியன்' என்கிறோமே, பச்சை முதுகும் ஊதா நெஞ்சும் உள்ள பிஞ்ச், அதற்கு ஜான் கூல்ட் 1844-இல் தன் மனைவியின் நினைவாகவே பெயர் வைத்தார். அதன் தலை காட்டிலேயே சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று விதமாக இருக்கும். யாரும் கலரைக் கூட்ட வேண்டியதில்லை.

தேர்த் திருவிழாவில் கோழிக்குஞ்சுக்கு ரோஸ் கலரும் பச்சைக் கலரும் அடித்து விற்பார்கள். நாமெல்லாம் அழுது அடம் பிடித்து வாங்கினோம். ஒரு வாரத்தில் செத்தது. அது கெட்டது என்று மாமாவே திட்டுவார். அங்கே சாயம் கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே ஓட்டுக்குள் நடப்பது தெரியவில்லை. எனக்கு வித்தியாசம் அவ்வளவு தான்.

நிறத்துக்காகக் குருவி வளர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பழுப்பும் வெள்ளையும் எனக்கும் பிடிக்கும். அந்தக் காசில் தான் மாமா எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார். கொண்டையும் இருக்கட்டும். ஒரு கொண்டைக்கு ஒரு சாதா என்று வையுங்கள் என்கிறேன். வாங்குகிறவர்களும் இரட்டைக் கொண்டை ஜோடி தான் வேண்டும் என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்பதால் தான் வைக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மாமா பேசினார். "சரி, ஒரு கூண்டுல உன் இஷ்டப்படி வெச்சுப் பாரு. ஆனா நோட்டு ஒழுங்கா எழுதோணும்" என்றார். கொண்டை ஆணுக்கு ஒரு சாதாப் பெண்ணை ஜோடி போட்டிருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவது முட்டை வைத்தது. மற்ற நாலு கூண்டிலும் மாமா இன்னும் கொண்டை ஜோடியைப் பிரிக்கவில்லை.

கீழே மூன்று வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பொரிந்ததும் எத்தனை குஞ்சு, எத்தனை கொண்டை என்று பென்சிலால் எழுதுகிறேன். அதில் யாரும் கிறுக்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி